தேங்காய் அரைப்பு: நாகர்கோவில் வீட்டுச் சமையலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நாகர்கோவிலில், வடசேரிச் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மூத்த மருமகளுக்குக் கோயம்புத்தூர், இளையவளுக்குக் காஞ்சிபுரம். தங்கை மகன் பெங்களூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான். இவர்களும், இவர்கள் சொல்லிக் கேட்டு வந்த சிலரும், பல வருடமாக என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான். தீயல் (தேங்காயை வறுத்து அரைத்து வைக்கும் புளிக்குழம்பு) ஏன் கசக்கிறது, மீன் குழம்பு ஏன் பிரிந்து நிற்கிறது, மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு வெந்த தண்ணீரை என்ன செய்வது. போனில் சொன்னால் அடுத்த முறைக்குள் மறந்துவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். அளவுகள் நான்கு பேருக்கு.

"அத்தை, உங்க ஊர்ல எதை எடுத்தாலும் தேங்காயா? தேங்காய் இல்லாம ஒரு குழம்பும் கிடையாதா?"

ரசம் இருக்கிறது, புளிக்கறி இருக்கிறது. ஆனால் தேங்காய் துருவாமல் ஒரு நாள் போகாது என்பது உண்மைதான். இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். கொல்லையில் நாலு தென்னை நிற்காத பழைய வீடு குறைவு. காய்த்துக் கிடப்பதைத்தானே சட்டியில் போடுவார்கள்.

இன்னொன்று, கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எல்லை மாறியது, அடுப்பு மாறவில்லை. எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், தோரன் என்கிற தேங்காய்ப் பொரியலை நாங்கள் துவரன் என்போம். தீயல், அவியல், எரிசேரி (வேகவைத்த காயில் தேங்காய் சேர்த்த கெட்டிக் கறி), புளிசேரி (மோரும் தேங்காயும் சேர்ந்த குழம்பு), ஓலன் (தேங்காய்ப்பாலில் வெந்த காய்) இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே போகும் புளியும் காரமும்தான் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்.

"அரைப்புன்னா ஒரே அரைப்புதானே? எல்லாத்துக்கும் தேங்காயும் சீரகமும் சேத்து அரைச்சு ஊத்திடலாமா?"

இங்கேதான் முக்கால்வாசிப் பேருக்குத் தவறுகிறது. குழம்பின் பெயரையே மாற்றுவது, தேங்காய் சட்டிக்குள் போவதற்கு முன் அதை என்ன செய்தோம் என்பதுதான். துவரனுக்கு அரைக்கவே கூடாது. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஒரு பல் பூண்டு, மஞ்சள் எல்லாம் ஒன்றிரண்டாகச் சதைந்தால் போதும். அவியலுக்கு அதைவிட ஒரு படி கூட, விரலில் எடுத்தால் ரவை போல நெருடவேண்டும். புளிசேரிக்கும் மீனுக்கும் மை போல அரையவேண்டும். தீயலுக்கு வறுத்து அரைக்கவேண்டும். எரிசேரிக்கு இரண்டும் வேண்டும்: பாதித் தேங்காய் பச்சையாக அரைத்து உள்ளே, மீதி சிவக்க வறுத்து மேலே.

தேங்காயும் விளைந்ததாக இருக்கவேண்டும். ஆட்டினால் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கவேண்டும். இளசாக இருந்தால் ஈரம் அதிகம். அரைத்தால் பால் போல ஓடும், வறுத்தால் சிவக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"பெரியம்மா, தீயலுக்குத் தேங்காய் எவ்வளவு நேரம் வறுக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நேரம் சொல்றாங்க."

நேரம் சொன்னால் உனக்கு உதவாது மக்களே. உன் சட்டியின் கனம் வேறு, தீ வேறு. என் இரும்புச் சட்டியில் சிறு தீயில் 15 நிமிடம் ஆகும். அதைவிட, என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கடிகாரம் தேவைப்படாது. பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். முதலில் தண்ணீர் போகவேண்டும். அதுவரை எவ்வளவு கிளறினாலும் நிறம் மாறாது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள். தண்ணீர் வற்றி முடிந்ததும் நிறம் மாறும் பாருங்கள், அது ஓட்டமாக ஓடும். பத்து நிமிடம் ஒன்றும் ஆகாமல் இருந்தது இரண்டு நிமிடத்தில் கருகிவிடும்.

காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஈரம் இருக்கும்போது தேங்காய் சட்டியில் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் புரளும். ஈரம் போனதும் கரண்டி பட்டால் காய்ந்த மணல் போலச் சரசரவென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தபிறகு கையை எடுக்கக்கூடாது, போன் வந்தாலும் எடுக்கக்கூடாது. மணமும் மாறும். முதலில் தேங்காய் மிட்டாய் வாசம், பிறகு வறுத்த கடலை வாசம். வறுத்த நிலக்கடலைத் தோலின் சிவப்பு வந்ததும் தீயை அணைத்து, அந்தச் சூட்டிலேயே தூள்களைப் போட்டு நாலு புரட்டு புரட்டி, உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அணைத்த பிறகும் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

அளவு இது: ஒரு மூடித் தேங்காய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஐந்து, நல்லமிளகு கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு. இவை சேர்ந்து வறுபட வேண்டும். கடைசியில் மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, வத்தல்தூள் (மிளகாய்த்தூள்) ஒரு டீஸ்பூன், மஞ்சள் கால் டீஸ்பூன். புளி நெல்லிக்காய் அளவு. உள்ளித் தீயல் என்றால் இருபத்தைந்து சின்ன உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரில் வேகவிட்டு, அரைப்பைக் கலந்து, மேலே எண்ணெய் கசிகிறவரை கொதிக்கவிட வேண்டும். பாகற்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் எதற்கும் இதே கணக்குதான்.

"கொஞ்சம் கசந்துபோச்சு அத்தை. வெல்லம் போட்டா சரியாயிடுமா?"

ஆகாது. இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நாக்கில் நிற்கும். ஒரு சின்னத் துண்டு வெல்லம் நல்ல தீயலுக்கு அழகு சேர்க்கும், கருகிய தீயலைக் காப்பாற்றாது. தேங்காய் தீய்ந்தது தெரிந்தால் அரைப்பதற்கு முன்பே கொட்டிவிட்டு அடுத்த மூடியை எடுங்கள். ஒரு மூடி போனால் போகட்டும், அதோடு உள்ளியும் புளியும் எண்ணெயும் அரைமணி நேரமும் போகவேண்டாம்.

கசப்புக்குப் பெரும்பாலும் தேங்காய் காரணமில்லை, தூள்தான் காரணம். மல்லித்தூளும் வத்தல்தூளும் அரை நிமிடத்தில் தீயும். அதனால்தான் தீயை அணைத்த பிறகு போடச் சொன்னேன். வெந்தயம் போடுகிற வீடுகளில் பத்து விதைக்கு மேல் போனாலும் கசக்கும்.

"ஃபிரீசர் தேங்காய், பாக்கெட்ல வர்ற காய்ந்த துருவல், இதுல எல்லாம் வருமா?"

வரும். ஃபிரீசரில் வைத்ததை முழுக்க ஐஸ் விட்டுப்போகும்வரை வெளியே வைத்து, பிறகு வறுங்கள். ஈரம் கூடுதலாக இருப்பதால் அந்தச் சரசரச் சத்தம் வர இன்னும் தாமதமாகும். காய்ந்த துருவலில் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. ஆகவே காத்திருக்கும் நேரம் கிடையாது, சட்டியில் போட்டதுமே ஓட்டம் தொடங்கிவிடும். தீயலுக்கு அது பரவாயில்லை. அவியலுக்கும் துவரனுக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே வேண்டியது பச்சைத் தேங்காயின் அந்த ஈரமும் இனிப்பும்தான்.

"அம்மியில அரைச்ச ருசி மிக்சியில வராதுன்னு எங்க வீட்ல சொல்லிட்டே இருக்காங்க. நிஜமா?"

அம்மிக்கும் மிக்சிக்கும் வேறுபாடு உண்டு. அம்மி நசுக்கும், மிக்சி வெட்டும். நசுக்கினால் எண்ணெய் நன்றாகக் கசியும். ஆனால் என் அம்மை அம்மியில் அரைத்ததில் பாதி ருசி, அவள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்ததில் இருந்தது. மிக்சியில் எல்லாரும் முதலிலேயே அரை டம்ளர் ஊற்றிவிடுகிறார்கள். தேங்காய் தண்ணீரில் சுற்றுகிறதே தவிர அரைவதில்லை.

வறுத்த தேங்காயை முதலில் தண்ணீர் இல்லாமல் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பொடியாகி, அப்புறம் எண்ணெய் விட்டு ஜாரின் ஓரத்தில் சேறு போல ஒட்டும். அதன்பிறகு இரண்டு கரண்டித் தண்ணீர். சூட்டோடு அரைக்கவேண்டாம். மீனுக்கு அரைக்கும்போது சீரகத்தையும் தூள்களையும் முதலில் ஒரு சுற்று விட்டு, பிறகு தேங்காய், கடைசியில் சின்ன உள்ளி. உள்ளியின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும். இப்படி அரைத்தால் எங்கள் வீட்டில் யாரும் அம்மியைத் தேடுவதில்லை.

"அவியலுக்குத் தயிரா, மாங்காயா, புளியா? எது சரி?"

மூன்றும் சரி, ஒரே நாளில் மூன்றும் வேண்டாம். பாலக்காட்டுப் பக்கம் தயிர். எங்கள் வீட்டில் மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாளில் கொஞ்சம் புளி. தயிர் சேர்ப்பதென்றால் தீயை அணைத்த பிறகு சேருங்கள்.

எதைப் போட்டாலும் காய் வெந்தபிறகு போடவேண்டும் என்பதுதான் முக்கியம். புளிப்பு சேர்ந்தால் காய் வேகத் தாமதமாகும். சேனையும் வாழைக்காயும் நறுக்கென்று நிற்பது அதனால்தான். முதலில் சேனை, அப்புறம் வாழைக்காய், முருங்கைக்காய், சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்), கடைசியாகத் தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரிக்காய், புடலங்காய். கடைசி மூன்றும் தாமே தண்ணீர் விடும், அதனால் சட்டியில் கை நனையும் அளவு தண்ணீர் போதும். எல்லாம் விரல் நீளத்தில் ஒரே கனமாக நறுக்கவேண்டும். அரைப்பைப் போட்டு ஒரு ஆவி வந்ததும் இறக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டு மூடி வையுங்கள். தாளிப்பு கிடையாது. காஞ்சிபுரம் மருமகள் முதல் தடவை கடுகு தாளித்துப் போட்டாள். நல்ல கூட்டாக இருந்தது, ஆனால் அவியல் இல்லை.

"குடம்புளி கிடைக்கலைன்னா சாதாப் புளி போடலாமா? ரெண்டும் புளிதானே?"

போடலாம், ஆனால் அது வேறு குழம்பாகிவிடும். குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் விளைகிற ஒரு பழத்தின் ஓடு, புகையில் காயவைத்துக் கறுத்தது. கரைக்க வேண்டாம், கழுவி ஊறவைத்துத் துண்டாகவே போட்டுவிடலாம். குழம்பில் கிடந்து மெல்ல மெல்லப் புளிப்பை விடும், புகை மணத்தையும் தரும். கெட்டியான குழம்புக்கு அது பொருத்தம். நம் புளி கரைந்து உடனே புளிக்கும், குழம்புக்கு உடம்பும் கொடுக்கும்.

நாகர்கோவிலில் தேங்காய் அரைத்த மீன் குழம்புக்குப் பெரும்பாலும் நம் புளிதான். மேற்கே போகப்போகக் குடம்புளி வரும். குடம்புளி போட்டால் நான்கு பேர் குழம்புக்கு இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். இரவு முழுக்கக் கிடக்கப்போகிறதென்றால் ஒரு துண்டை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டில் எது போட்டாலும் அலுமினியச் சட்டி ஆகாது, மண்சட்டி நல்லது.

"மீன் குழம்பு தண்ணி தனியா தேங்காய் தனியா நிக்குது. என்ன தப்பு பண்றேன்?"

முதல் காரணம் அரைப்பு. மேலே சொன்ன மாதிரி மை போல அரையாவிட்டால் தேங்காய் கீழே போய்விடும், தண்ணீர் மேலே நிற்கும். இரண்டாவது காரணம் தீ. அரைப்பு போட்டபிறகு தளதளவென்று கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் பிரியும். நீங்கள் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். பால் ஊற்றுகிறவர்கள் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

நான் செய்வது இது. ஒரு மூடித் தேங்காய், மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, வத்தல்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள், கொஞ்சம் சீரகம், ஆறு உள்ளி சேர்த்து அரைப்பு. புளித்தண்ணீரில் அதைக் கரைத்து, உப்பு, கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இருந்தால் நாலு மாங்காய்த் துண்டு, முருங்கைக்காய் போட்டு அடுப்பில் வைத்து, நடுத்தீயில் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிடுவேன். பிறகு மீன். மீன் போட்டபின் கரண்டி போடக்கூடாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். சாளைக்கும் (மத்தி) நெத்திலிக்கும் ஐந்து நிமிடம், அயிலைக்கு (கானாங்கெளுத்தி) எட்டு, சூரைத் துண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு.

மதியம் வைத்த குழம்பு மறுநாள் காலையில் வற்றிச் சட்டியோடு ஒட்டிக் கிடக்கும். அதில் சூடான சோற்றைப் போட்டு, மண்சட்டியின் உள்பக்கம் முழுவதும் துடைத்துப் பிரட்டி, உருண்டை உருண்டையாக ஆளுக்கு ஒன்று கையில் கொடுப்பேன். என் மகன்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது. லீவுக்கு வந்தால் இன்றைக்கும் அடுப்பங்கரைக்குள் வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பேத்திக்கு முதல் உருண்டை. அவளுக்கு மட்டும் காரம் தெரியாமலிருக்க ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

"புதுசா வாங்கின மண்சட்டியில மண் வாசம் அடிக்குது. அப்படியே சமைக்கலாமா?"

கூடாது. ஒரு நாள் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். இதை மூன்று நாலு நாள் செய்தால் போதும். கழுவ சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொள்ளும். தேங்காய் நாரும் சாம்பலும், இல்லாவிட்டால் கடலைமாவு.

"ஆனி, ஆடியில வந்தா ஊர்ல மீனே இல்லைங்கறீங்க. கடல் பக்கத்துலதானே இருக்கீங்க?"

தடைக்காலம். விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கணக்கு, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு. வள்ளத்தில், அதாவது சின்ன நாட்டுப் படகில் போகிறவர்கள் கொண்டுவருவது கிடைக்கும், விலை கூடுதல். அந்த நாட்களில் சக்கைக் கொட்டையும் (பலாக்கொட்டை) முருங்கைக்காயும் போட்டு அதே அரைப்பில் குழம்பு வைக்கிறேன். கருவாடும் இருக்கிறது. கடலுக்கும் ஓய்வு வேண்டும்தானே.

"மரச்சீனிக் கிழங்குல விஷம் இருக்குன்னு சொல்றாங்களே, வேகவச்ச தண்ணியைக் கொட்டணுமா?"

கொட்டத்தான் வேண்டும். கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. இனிப்புக் கிழங்கில் குறைவு, கசப்புக் கிழங்கில் அதிகம். வெளித்தோலை மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டால் பயமில்லை. பச்சையாகக் கடித்துப் பார்க்கக் குழந்தைகளை விடாதீர்கள். கசக்கிற கிழங்கை யாரும் சாப்பிட வேண்டாம். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடி வேகவைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாங்கும்போது முனையை ஒடித்துப் பாருங்கள், உள்ளே நீலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பழையது. தோண்டி இரண்டு மூன்று நாளிலேயே அப்படி ஆகிவிடும்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் சாதாரண ஜனங்களின் சாப்பாடாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி எட்டாத வீடுகளில் இதுதான் உயிர் காத்தது. என் அம்மை சின்ன வயதில் ராத்திரிக்குக் கிழங்கு மட்டும் தின்று படுத்த கதையைச் சொல்வாள். அதனால் எங்கள் வீட்டில் கிழங்கை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன். வெந்த கிழங்கில் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் சதைத்துப் போட்டு மரக்கரண்டியால் மசித்து, பக்கத்தில் சாளைக் குழம்பு. சனிக்கிழமை சாயங்காலம் இதைச் செய்தால் அன்றைக்கு யாரும் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போவதில்லை. எல்லாரும் அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

"பெரியம்மா, சம்பா அரிசி பெங்களூர்ல வேகவே மாட்டேங்குது. அப்புறம், தேங்காய் எண்ணெயும் உறைஞ்சு கட்டியாயிருச்சு. ரெண்டும் கெட்டுப்போச்சா?"

இரண்டும் கெடவில்லை, உன் ஊர் அப்படி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்களுக்கே இந்தச் சிவப்புப் புழுங்கலரிசி வேக முக்கால் மணி நேரம் ஆகும். நீ ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வை. பிறகு திறந்து, சுடுதண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டு வடித்துவிடு. வடித்த கஞ்சியைக் கொட்டாதே, உப்பும் ஒரு பிடிச் சோறும் போட்டுத் தேங்காய்த் துவையலோடு குடி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். வெயிலில் வைத்தால் இளகும். சிக்கு வாடை அடித்தால்தான் கெட்டது.

"நாலு மணிக்குப் பிள்ளைங்க ஸ்கூல்விட்டு வந்தா என்ன குடுப்பீங்க? பிஸ்கட் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு."

அவல் நனைத்துக் கொடுங்கள், ஊறும் நேரம் போகக் கைவேலை ஐந்து நிமிடம்தான். தடித்த சிவப்பு அவலைக் கழுவிப் பிழிந்து பத்து நிமிடம் மூடி வைத்து, ஒரு பிடித் தேங்காய்த் துருவலும் பொடித்த கருப்பட்டியும் சேர்த்துக் கையால் பிசறவேண்டும். கரண்டி வேண்டாம், தேங்காய்ப்பால் விரலில் பிசுபிசுக்கும்வரை பிசறினால்தான் அவலில் இனிப்பு ஏறும். மழை நாளென்றால் ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழம்) நீளவாக்கில் மூன்றாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரிப்பேன். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாக எடுங்கள், மஞ்சளாக விறைப்பாக இருப்பது பொரித்தால் இனிக்காது.

பெரியவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் அடியில் மண் நிற்கும், அதற்காகத்தான் வடிப்பது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டால் ஜலதோஷத்துக்கு இதம். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

தேங்காய் துருவும்போது இன்னொரு பலகாரமும் இலவசமாக வரும். சிரட்டையோடு ஒட்டிய கடைசி வெள்ளையைத் துருவாமல் விட்டுவிட்டு, அந்தச் சிரட்டையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துப் பேத்தியிடம் கொடுப்பேன். வாசல்படியில் உட்கார்ந்து பல்லால் சுரண்டிக்கொண்டிருப்பாள். அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

"குழந்தைக்கு மட்டிப்பழம் குடுக்கச் சொன்னாங்க. அதுல என்ன விசேஷம்?"

விரல் போலச் சின்னப் பழம், நல்ல மணம், மாவு போல மசியும். திட உணவு தொடங்கிய குழந்தைக்கு, அதாவது ஆறு மாதம் முடிந்ததும், இங்கே அநேக வீடுகளில் முதல் பழம் அதுதான். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு நாளில் கனிந்துவிடும், அரைச் சீப்புக்கு மேல் வாங்காதீர்கள்.

"இவ்வளவு தேங்காய் சாப்பிட்டா கொழுப்பு ஏறாதா அத்தை? டாக்டர் திட்டமாட்டாரா?"

இந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாக ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல்.லைக் கூட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூடியில் 100 கிராம் துருவல் என்றால் அதில் 33 கிராம் கொழுப்பு. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு கிராம். ஒரு நாளைக்கு ஒரு தேங்காய்க் கறி என்றால் அது தாங்கும். காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் தீயலும் அவியலும், ராத்திரி தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்று போனால் நிச்சயம் அதிகம்.

என் வீட்டுக்காரருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பரிசோதனையில் வந்தபிறகு நாங்கள் தேங்காயை நிறுத்தவில்லை, ஒரு நாளுக்கு ஒரு கறி என்று வைத்தோம். தீயல் வைத்தால் அதோடு தேங்காய் போடாத மெழுக்குபுரட்டி (எண்ணெயில் பிரட்டிய காய்), ரசம். அவியல் வைத்த நாளில் மோர். இதய நோய், சர்க்கரை இருப்பவர்கள் அவரவர் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என் கணக்கை அதற்கு மேல் வைக்கவேண்டாம்.

"வேலைக்குப் போறேன். காலைல எட்டு மணிக்குள்ள வறுத்து அரைச்சு எல்லாம் நடக்குமா?"

நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மூடித் தேங்காயை மேலே சொன்னபடி வறுத்து, தண்ணீர் விடாமல் பொடித்து, ஆறியபிறகு மூன்று டப்பாவாக ஃபிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் இருக்கும். புளித்தண்ணீரில் காய் வெந்ததும் ஒரு டப்பாவைக் கரைத்தால் தீயல். மூத்த மருமகள் இப்படித்தான் செய்கிறாள், என்னுடையதற்குக் குறைவில்லை.

பச்சை அரைப்பை அப்படி வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள், அவ்வளவுதான். அவியலும் அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டியது. வெளியே வைத்தால் ராத்திரிக்குள் ஊசிவிடும். தீயல் வறுத்ததும் புளித்ததும் என்பதால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள்தான் ருசியே.

"எல்லாம் சொன்னபடிதான் செய்றேன். இருந்தும் எங்கம்மா செஞ்ச ருசி வரலை. எதை விட்டுட்டேன்?"

எனக்கும் இது நடந்தது. அம்மை சொன்ன அளவு "ஒரு பிடி மல்லி, ரெண்டு விரல் மஞ்சள்". அவள் சொன்னபடியே வருடக்கணக்காகச் செய்தும் என் குழம்பு அவள் குழம்பாகவில்லை. கடைசியில் ஒரு நாள் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு, அவள் எடுக்கிற ஒவ்வொரு பிடியையும் சட்டிக்குப் போகுமுன் என் கிண்ணத்தில் போடச் சொன்னேன். அவளுக்கு முதலில் எரிச்சல், பிறகு சிரிப்பு. அவள் கை என் கையைவிடச் சின்னது. நான் ஒரு பிடி என்று போட்டுக்கொண்டிருந்த மல்லி அவளுடையதைவிட ஒன்றரை மடங்கு. உப்பை அவள் இரண்டு தடவையாகப் போட்டாள், புளித்தண்ணீரில் பாதி, மீன் போடும்போது மீதி. அதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, கேட்டால் "அப்படியா செய்யுதேன்?" என்றாள்.

அம்மா இருக்கிறவர்கள் அடுத்த லீவில் ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். இல்லாதவர்கள் அம்மாவின் தங்கையையோ, கூடவே சமைத்த அக்காவையோ கேளுங்கள். எந்தச் சட்டி, எந்தக் கரண்டி, மூடி போட்டாளா இல்லையா, இறக்கி எவ்வளவு நேரம் கழித்துப் பரிமாறினாள் என்று கேளுங்கள். என் நோட்டில் அம்மையின் ஒரு பிடி மல்லிக்கு நேரே 14 கிராம் என்று எழுதியிருக்கிறது, மஞ்சள் கறை படிந்த பக்கத்தில்.